மேல்மடை

ஹபீப் பாய் தன் பாத்தி மடையில் கோணிப்பையைப் போட்டு மூடிய அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பயம் வந்து குடியேறியது. அதற்கு முன்னால் அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. சவுதியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் பாதி வயதைக் கழித்துவிட்டு வந்து, மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்த மனுஷன். அவர் வீட்டு முன்னறையில்தான் என் ஜெராக்ஸ் கடை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. அதை அவர் மனைவி சைத்தூன் பீவி சாத்தி நான் பார்த்ததே கிடையாது. அந்த வீட்டுக் குழம்பு வாசனை, சண்டை, துஆ ஓதுகிற சத்தம் எல்லாம் என் கடைக்குள் வந்துதான் தெருவுக்குப் போகும். ஜெயசீலன் ஒட்டுக்கேட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். வைகாசி வெயிலில் ஒரு வெள்ளைக் கார் உப்பளத்துச் சாலையில் வந்து நின்றது. ஷூ போட்ட ஒரு ஆள் இறங்கி வரப்பில் தடுமாறி நடந்துவந்து, ஹபீப் பாயின் மடையில் அவரே செய்து போட்டிருந்த மிதவையைப் பார்த்தான். அதை எல்லாப் பக்கமும் படம் எடுத்தான். யார் செய்தது, எப்படி வேலை செய்யுது, உள்ளே என்ன போட்டிருக்கீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. தன் கைவேலையை ஒருத்தன் காரில் வந்து விசாரிக்கிறான் என்ற சந்தோஷத்தில் ஒன்று விடாமல் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஆள் யார், எந்தக் கம்பெனி என்று கேட்க மறந்துவிட்டார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வரும்போதுதான் அது உறைத்திருக்கிறது. வீட்டுக்குக்கூட வராமல் நேராக அளத்துக்குப் போய்க் கோணியால் மூடிவிட்டு வந்தார்.

"எல்லாத்தையும் நானே வாயத் தொறந்து குடுத்துட்டேன், ஜெயசீலா" என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

அந்த மிதவையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் மழைக்காக ஏங்கும். உப்பளத்தில் மட்டும் மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். முற்றிய உப்புத் தண்ணீர் கனமானது. மழை விழுந்தால் நல்ல தண்ணீர் உடனே அதில் கலந்துவிடாது, மேலாகப் படுத்துக்கொள்ளும். காற்று வந்து கலக்குவதற்குள் வரப்பின் மேல்மடையை ஆழமில்லாமல் வெட்டிவிட்டால் மேல்தண்ணீர் மட்டும் வடிந்துபோகும், அடியில் உப்பு தப்பிக்கும். கொஞ்சம் தாமதித்தால் எல்லாம் கரைந்து சேறுதான் மிஞ்சும். அதனால் மழை என்றால் எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் பாத்தி என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவன் மண்வெட்டியோடு ஓடி, கைக்கு எட்டிய மடையை எல்லாம் திறந்துகொண்டே போவான். அப்பன் தாத்தா காலத்திலிருந்து அதற்கு அனுமதி கேட்டவனும் இல்லை, நன்றி சொன்னவனும் இல்லை.

போன கோடையில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் மழை வந்து ஹபீப் பாயின் உப்பு மொத்தமும் கரைந்தது. அதற்கப்புறம்தான் அவர் குழாய்த் துண்டும் ஈயக்குண்டுமாக உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் அடைத்த குழாய்க்குள் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளைப் போட்டு, உப்புத் தண்ணீரில் மிதக்கிற, ஆனால் மழைத்தண்ணீரில் மூழ்கிவிடுகிற எடைக்குக் கொண்டுவந்தார். அது இரண்டு தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்கும். அதோடு லாரி டியூப் ரப்பரில் ஒரு மடைக்கதவைக் கட்டினார். மழை பெய்தால் கதவின் விளிம்பு தானாக அந்த மட்டத்துக்கு இறங்கும், மேல்தண்ணீர் வழிந்துவிடும். வடிந்து முடிந்ததும் மிதவை மேலே ஏறும், கதவு மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம். பார்க்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். நான்கூட முதலில் பார்த்துச் சிரித்தேன்.

"பேட்டண்ட் போட்டுடலாம் மாமா" என்றாள் ஆஸிஃபா. "முதல்ல யார் ஃபைல் பண்றாங்களோ அவங்களுக்குத்தான். அந்த ஆள் முந்திட்டா அவ்ளோதான்."

ஆஸிஃபா அவர் மருமகள். மகன் நிஷாத் மஸ்கட்டில் இருக்கிறான். இவள் பாண்டிச்சேரியில் இன்ஜினியரிங் படித்தவள். சென்னையில் இருக்கும் ஒரு பேட்டண்ட் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஒருவர் புதிதாக எதையாவது கண்டுபிடித்தேன் என்று வந்தால், அது ஏற்கெனவே உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, உரிமை கேட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. இப்போது அந்தத் தேடலுக்கு ஏஐ வந்துவிட்டது. வீட்டில் சிக்னல் கிடைக்காது என்று என் கடை ஓரத்தில்தான் லேப்டாப்பை வைத்துக்கொள்வாள். பாதி நாள் என் ஃபேன் காற்று அவளுக்குத்தான்.

அன்றைக்கு மொத்தக் குடும்பமும் என் கடையில் நின்றது. சைத்தூன் பீவி முந்தானையைப் பல்லில் கடித்தபடி திரையைப் பார்த்தாள்.

"இதுகிட்ட சொன்னா இது நாலு பேர்கிட்ட சொல்லிடாதா?"

"சொல்லாது மாமி. இது எங்க ஆபீஸ் வாங்கி வெச்சிருக்கிறது. சீனியர் மேடம்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்றேன். வெளிய ஓசியில கிடைக்கிறதுல போட்டாத்தான் பயம்."

"சொல்லாதுன்னு யாரு சொன்னா?"

"அதுலயே போட்டிருக்காங்க மாமி."

"திருட வந்தவன் கூட அப்பிடித்தான் சொல்லுவான்."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் பாய். ஆனால் அவர் குரலிலும் அதே பயம் இருந்தது. ஆஸிஃபா ஒரு வரி தட்டினால் அவர் கடை வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மாவை, மிஷின் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். என் மிஷினை, என் கடையில் நின்றுகொண்டு!

ஆஸிஃபா மிதவை வேலை செய்யும் விதத்தை விளக்கமாக எழுதிக் கொடுத்ததும் அது தேட ஆரம்பித்தது. சாக்கடைத் தொட்டிக்கு ஒரு மிதவைக் கதவு, கடலில் கொட்டிய எண்ணெயை வழிக்கிற ஒன்று, எந்தத் தேசத்திலோ இறால் பண்ணைக்கு ஒன்று என்று வரிசையாகக் காட்டியது. உப்பளத்தில் மழைத்தண்ணீரை வடிக்கிறது என்று எதுவுமே வரவில்லை. அவள் வார்த்தையை மாற்றி மாற்றிக் கேட்டாள். அப்போதும் இல்லை.

"ஒண்ணுமே இல்ல மாமா! உலகத்துலயே இல்ல!" என்று திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய்.

அதற்கப்புறம்தான் அந்த வினை. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதும் பாகத்துக்கு கிளெய்ம் என்று பெயராம். அது வேலி மாதிரி, வேலிக்குள் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஆஸிஃபா விளக்கினாள். முதலில் அவள் எழுதியது சின்ன வேலி: ஈயக்குண்டு போட்ட குழாய், ரப்பர் கதவு, அதை இணைக்கிற கம்பி. அதைப் படித்த ஏஐ, இவ்வளவு குறுக்க வேண்டியதில்லை, இந்தத் துறையில் முன்னால் யாரும் எதுவும் பதிவு செய்யவில்லை, அகலமாகவே கேட்கலாம் என்று யோசனை சொல்லி, தானே ஒன்றை எழுதியும் காட்டியது. ஆஸிஃபா அதைத் தமிழாக்கி மாமனாருக்குப் படித்தாள். "உப்புப் பாத்தியில் சேரும் மழைநீரை, அடியிலுள்ள உப்புநீர் கலங்காமல், மேலடுக்காக மட்டும் வெளியேற்றும் முறை."

"இப்படிப் போட்டா அந்தக் கார்காரன் மிதவைய மாத்திச் செஞ்சாலும் தப்பிக்க முடியாது மாமா. குழாய்க்குப் பதிலா டப்பா போட்டாலும் நம்ம வேலிக்குள்ளதான்."

"அதையே போடும்மா. நல்லா அகலமாப் போடு. ஒருத்தன் கிட்ட வரக் கூடாது."

அன்றைக்கு மதியம் கத்திரிக்காய் போட்ட இறால் குழம்பு. எனக்கும் ஒரு தட்டு கதவு வழியாக வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன். அந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, படித்த பிள்ளைக்கும் தெரியவில்லை. எல்லோருடைய கண்ணும் அந்த வெள்ளைக் கார் மேலேயே இருந்தது.

மறுநாள் காலையில் கலியமூர்த்தி ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பிரம்மதேசத்துக்காரர், பாயின் பாத்திக்கு அடுத்த பாத்தி இவருடையது. வாய் கொஞ்சம் நீளம். சைத்தூன் பீவிக்கு மனசில் எதுவும் தங்காது. நல்ல சேதி என்றால் சுத்தமாகத் தங்காது. கதவில் சாய்ந்தபடி சொல்லிவிட்டாள்.

"எங்க மருமவ எழுதி முடிச்சிட்டா. பாத்தியில மழைத்தண்ணிய வடிக்கிறது இனிமே எங்க பாய் பேருல."

"மிதவதானே? போடட்டும் போடட்டும். நல்ல வேல."

"மிதவ மட்டும் இல்ல, எப்பிடி வடிச்சாலும்."

கலியமூர்த்தி ஆதார் அட்டையைச் சட்டைப் பையில் வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"எப்பிடி வடிச்சாலும்னா?" என்று ஆஸிஃபாவைப் பார்த்தார். "ஏம்மா, நான் என் பாத்தியில மண்வெட்டியால மேல்மடைய வெட்டி வுடுறேன். அதுவும் அதுல வருமா?"

"அது... இல்லண்ணா, அது வேற" என்று சொல்ல வாயெடுத்தவள் திரையைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. மிதவை என்ற சொல்லே அதில் இல்லை. மண்வெட்டி என்றோ கை என்றோ எதுவும் இல்லை. மேல்தண்ணீரை மட்டும் வெளியேற்றும் முறை, அவ்வளவுதான்.

"சொல்லும்மா. வருமா வராதா?"

பொய் சொல்லத் தெரியாத பெண். "வருது" என்றாள்.

"நல்லாக்குதே கத! எங்க அப்பன் வெட்டுனாரு, அவங்க அப்பன் வெட்டுனாரு."

"அதான்ணா, ஏற்கெனவே நடக்கிறதுக்கு யாரும் உரிமை கேக்க முடியாது. நீங்க எதிர்த்து மனு போட்டா நிக்காது."

"மனுவா? நாங்களா? உப்பு வாருற ஆளுங்க மெட்ராசுக்குப் போயி மனு போடணுமா? இன்னாம்மா பேசுற நீ? அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா நாங்க மடை வெட்டுறது?"

"தெரியாது" என்றாள் ஆஸிஃபா. "எங்கயும் யாரும் எழுதி வைக்கலண்ணா. எழுதினதத்தான் அது தேடும்."

கலியமூர்த்தி ஜெராக்ஸை வாங்காமலேயே போய்விட்டார். அதை இன்னும் நான் டிராயரில்தான் வைத்திருக்கிறேன்.

அவர் போனபிறகு ஆஸிஃபா அதே கேள்வியை ஏஐயிடம் நேராகவே கேட்டாள்: உப்பளத்தில் கையால் மேல்மடை வெட்டி மழைநீரை வடிக்கும் பழக்கம் உண்டா? ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. கிளெய்ம் வலுவாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "எனக்கு இதப் பாத்தா பயமா இருக்குதுண்ணா. இவ்ளோ பேர் இருக்காங்க, இது ஒருத்தர் கூட இல்லன்னு சொல்லுது" என்றாள்.

சேதி அன்றைக்கே அளம் முழுக்கப் போய்விட்டது. கலியமூர்த்தி வாய் சும்மா இருக்குமா? மடை வெட்டினால் ஹபீப் பாய் கேஸ் போடுவார் என்று ஆனது. எந்தச் சண்டைக்கும் யாரும் வரவில்லை, அதுதான் கொடுமை. பாய் வரப்பில் வந்தால் பேச்சு நின்றுபோகும். பாயின் கொட்டகையில் எப்போதும் எல்லோருக்குமாகக் குடிதண்ணீர் கேன் இருக்கும். அதை யாரும் தொடவில்லை. சாயங்காலம் நிறைந்த கேனோடு திரும்பி வந்தார்.

எல்லோரையும்விட பயந்துபோனவள் சின்னப்பாப்பா. பாயின் பாத்திக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு பாத்தி வைத்திருக்கிறவள். அவள் புருஷன் ஒரு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்தே செத்துப்போனான். கேஸ் என்ற சொல்லை யாராவது சும்மா சொன்னாலே எழுந்து போய்விடுவாள். நாள் தவறாமல் சைத்தூன் பீவிக்கு உமரிக்கீரை கொண்டுவந்து கொடுப்பவள், அந்த வாரம் தெருப்பக்கமே வரவில்லை.

"அவகிட்ட போயிச் சொல்லுங்களேன், அப்பிடி எல்லாம் ஒண்ணும் இல்லன்னு" என்றாள் சைத்தூன் பீவி. கொளுத்திப் போட்டவளே அவள்தான். ஆனாலும் அவள் அழுதபோது எனக்குக் கோபம் வரவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொண்டது முழுக்க எனக்குக் கேட்டது.

"மாமா, அத நான் மாத்திடுறேன். மிதவைக்கு மட்டும் கேப்போம்."

"மாத்துனா அந்தக் கார்காரன் வேற மாதிரி செஞ்சிட்டுப் போயிடுவான்னு நீதானே சொன்ன?"

"ஆமா மாமா. சொன்னேன்."

"அப்ப?"

"மாமா, அது அடுத்தவங்க ஹக்கு, அவங்க உரிமை. நம்மளோடது இல்ல."

பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார் போல. தட்டுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு சொன்னார். "நான் யாரு மேலயும் கேஸ் போடப் போறதில்லம்மா. அவங்களுக்கு என்னைத் தெரியாதா? காகிதத்துல இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அந்த ஆள நெனச்சா பயமா இருக்குது. நான் தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா உனக்கு?"

"அவங்களும் தூங்கல மாமா."

"சரி, ரெண்டு நாள் போகட்டும். யோசிப்போம்."

யோசிப்பதற்கு வானம் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் மதியம் லுஹர் தொழுது சாப்பிட உட்கார்ந்தார் பாய். கடையில் எனக்குத் திடீரென்று எழுத்து தெரியவில்லை. வெளியே வந்தால் கடல் பக்கம் கன்னங்கரேல் என்று ஏறி நிற்கிறது. காற்றில் மண் வாசனை. பாய் கை கழுவாமல் ஓடிவந்தார். ஆஸிஃபா ஸ்கூட்டியை எடுத்தாள், அவர் பின்னால் உட்கார்ந்தார். நான் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு என் பைக்கில் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், மழையன்றைக்கு அளத்தில் என்ன நடக்குமோ என்றுதான்.

சாலையை விட்டு வரப்பில் இறங்கும்போது முதல் தூறல் விழுந்தது. அடுத்த நிமிஷம் கொட்டியது. அளத்தில் ஆட்கள் இருந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் கூச்சல் காதைப் பிளக்கும். ஒருத்தன் மடையை ஒருத்தன் வெட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். அன்றைக்குச் சத்தமே இல்லை. அவரவர் பாத்தி ஓரத்தில் அவரவர் குனிந்து, திருடப் போனவர்களைப் போல நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வெட்டினார்கள். அடுத்தவன் மடையில் யாரும் கை வைக்கவில்லை. கலியமூர்த்தி மட்டும் எங்களைப் பார்த்ததும் வேண்டுமென்றே மண்வெட்டியை ஓங்கி ஓங்கிப் போட்டார்.

"பாத்துக்க பாய்! நான் வெட்டுறேன்! போடு கேஸு!"

பாயின் பாத்தியில் காற்று கோணியைத் தூக்கி எறிந்திருந்தது. மிதவை மெல்ல இறங்கி நிற்க, ரப்பர் கதவு வழியாக மழைத்தண்ணீர் ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது. அவர் கனவு கண்டபடியே, ஒரு ஆள் இல்லாமல், அது தன் வேலையைச் செய்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டார்.

சின்னப்பாப்பா தன் மடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் மண்வெட்டி இருந்தது. மழை முகத்தில் அடித்தது. அவள் வெட்டவில்லை.

"பாப்பா! இன்னா நின்னுட்ட? தொற!"

அவள் தலையை ஆட்டினாள்.

"தொற பாப்பா, காத்து வருது, கலக்கிடும்!"

"வேணாம் பாய். எனக்குக் கேஸு வேணாம் பாய். என்னால அலைய முடியாது. உப்பு போனா போவட்டும்."

"யா அல்லாஹ்!" என்று அலறிக்கொண்டு அவர் வரப்பில் ஓடினார். வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார். மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்க முயன்றார். அவளோ தன்னை அடிக்க வருகிறார் என்று நினைத்து அதை அவர் காலடியில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவர் முகம் அப்போது போன போக்கை நான் சொல்ல முடியாது. குனிந்து மேல்மடையை வெட்டினார். தண்ணீர் வடிந்தது. ஆனால் காற்று முந்திக்கொண்டது. மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலந்து, பாத்தி முழுக்கப் பால் மாதிரி வெளுத்துச் சுழன்றது. காலையில் கண்ணாடித் துண்டு போல மின்னிய உப்பு அதற்குள் போய்விட்டது. சின்னப்பாப்பா அழவில்லை. வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் அங்கே நிற்கவில்லை. அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி என்று யாரையும் கேட்காமல் மடை மடையாக வெட்டிக்கொண்டே ஓடினார். "வெட்டுங்கடா! எல்லாத்தையும் வெட்டுங்கடா! யாரும் யாரையும் கேக்க வேணாம்!" என்று கத்தினார். அறுபது தாண்டிய மனுஷன், மூச்சு இரைக்கிறது, நிறுத்தவில்லை. நெஞ்சு அடைத்துவிடுமோ என்று பயந்து ஆஸிஃபா பின்னாலேயே ஓடினாள். கலியமூர்த்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கப் பாத்திகளுக்கு ஓடினார். அதற்குப் பிறகுதான் அளத்தில் கூச்சல் கேட்டது.

மழை விட்டதும் மூவரும் சொட்டச் சொட்டக் கடைக்கு வந்தோம். என் மேஜை, தரை எல்லாம் சேறு. சைத்தூன் பீவி துண்டும் கட்டஞ்சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஆஸிஃபா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"மாமா?"

"எடுத்துடும்மா."

அவள் அந்த அகல வேலியை அழித்தாள். மிதவை, ஈயக்குண்டு, ரப்பர் கதவு என்று சின்னதாக மறுபடி எழுதினாள். பிறகு அதற்கு முன்னால் வரும் பாகத்தில் புதிதாக ஒன்று சேர்த்து, எங்களுக்குப் படித்துக் காட்டினாள். "மரக்காணம் உப்பளங்களில் மழை பெய்யும்போது மேல்மடையை வெட்டி மேல்தண்ணீரை வடிப்பது எல்லோரும் காலங்காலமாகச் செய்துவருவது. யார் மடையை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்."

"கடைசி வரி எதுக்கும்மா? அது மெட்ராசுல இதப் படிக்கிறவங்களுக்குப் புரியுமா?" என்றேன்.

"புரியாட்டிப் போகட்டும்ணா. இருக்கட்டும்."

திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை எழும்பியது. பாய் அதையே பார்த்தார்.

"இன்னா கேக்குது?"

"இத எழுதினா நம்ம உரிமை குறைஞ்சிடும், எடுத்துடவான்னு கேக்குது மாமா."

"எடுக்காதன்னு சொல்லு."

"இந்த பேப்பர் வெளிய வந்துட்டா, அப்புறம் மடை வெட்டுறத யாரும் தன்னோடதுன்னு சொல்ல முடியாது. அந்தக் கார்காரனும்தான்."

"அவன் கெடக்கிறான்" என்றார் பாய். அப்போதுதான் டீயை எடுத்தார்.

சின்ன வேலியோடு அதை ஃபைல் பண்ணியாயிற்று. வெள்ளைக் கார் திரும்ப வரவில்லை, வந்தாலும் வரலாம். பாய் ஒவ்வொருவர் வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் கேன் மறுபடி காலியாக வர ஆரம்பித்தது. சின்னப்பாப்பா வீட்டுக்குப் பலமுறை போனார். தன் பாத்தியில் வாரிய உப்பில் பாதியைக் கொண்டுபோய் அவள் பாத்தி ஓரம் குவித்துவிட்டு வந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் அதற்கும் கோபம் வருமோ என்று பயந்தாளோ என்னவோ. உமரிக்கீரை மறுபடி வந்தது. ஆனால் கதவு வரைக்கும் வருகிறவள், இப்போது என் கடை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்து ஒரு நாள், சைத்தூன் பீவி கொடுத்த தூக்குவாளியோடு நான் அளத்துக்குப் போயிருந்தேன். பாயும் நானும் கொட்டகையில் சாப்பாட்டைப் பிரிக்கும்போது தூறல் விழுந்தது. சட்டென்று எல்லோரும் ஓடினார்கள். கலியமூர்த்தி பாயின் மிதவை இல்லாத இன்னொரு பாத்தி மடையைத் திட்டிக்கொண்டே வெட்டிவிட்டுப் போனார். கேட்கச் சுகமாக இருந்தது. பழைய கூச்சல் முழுசாக வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சின்னப்பாப்பாவும் ஓடிவந்தாள். தன் மடையில் மண்வெட்டியை வைத்தாள். வைத்தவள் நிறுத்தி, நிமிர்ந்து, கொட்டகைப் பக்கம் திரும்பி பாயைப் பார்த்தாள்.

அவர் கையில் இருந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டினார். "தொற பாப்பா! உன் மடைம்மா அது! தொற!"

அதற்குப் பிறகுதான் அவள் வெட்டினாள். தண்ணீர் சரியாக வடிந்தது, உப்பு தப்பித்தது. பாய் உட்காரவில்லை. தூக்கிய கையை இறக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு மழை வந்தா, அவ யாரப் பாத்துட்டு மடையத் தொறப்பா ஜெயசீலா?" என்று கேட்டார்.